வெண்பனிக்குள் வெயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கண்ணாடியைப் போல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் வெண்பனி வெள்ளையாகத் தெரிகிறதா?

பதில்: இல்லை. கண்ணாடியில் ஒளி பரப்போடு திரும்பிவிடுகிறது. வெண்பனியிலோ உள்ளே நுழைந்து, துகளுக்குத் துகள் விலகியும் எதிரொளித்தும் நெடுநேரம் அலைந்து, பெரும்பகுதி மேலே வெளியேறுகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பனிக்கட்டி மிகமிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் எல்லா நிறங்களும் திரும்பிவருகின்றன. தெளிவான கற்கண்டை இடித்தால் வெள்ளைப்பொடி ஆவதும் இதனால்தான்.

கேள்வி: வெண்பனி எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும்? ஒரே எண்ணாகச் சொல்லவும்.

பதில்: ஒரே எண் கிடையாது. எந்த அலைநீளம் (அதாவது ஒளியின் எந்த நிறம்), பெய்து எத்தனை நாளான பனி, எவ்வளவு அழுக்கு என்று குறிப்பிடாமல் கேட்கக் கூடாது என்று எத்தனை முறைதான் எழுதுவது? சூரிய ஒளி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் புதுப்பனிக்கு 85 விழுக்காடு, பழைய பனிக்கு 60 அல்லது அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பும் ஒளியில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், உள்ளே தங்கும் வெப்பம் நூற்றில் 15 பங்கிலிருந்து 40 பங்காக உயர்கிறது. பனி பழையதாகும்போது துகள்கள் பருக்கின்றன. ஒளி ஒவ்வொரு துகளுக்குள்ளும் நீண்ட தூரம் செல்ல நேர்வதால் உறிஞ்சுதல் கூடுகிறது, அதிலும் சிவப்புக்கு அடுத்துள்ள, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பில்தான் மிகுதியாக. பனியில் படியும் அழுக்கான புகைக்கரியோ கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உறிஞ்சுகிறது.

கேள்வி: வெயில் பனிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும்?

பதில்: மறுபடியும் அலைநீளம் விடுபட்டிருக்கிறது. சுத்தமான உலர்ந்த புதுப்பனியில் நீல ஒளி ஏறக்குறைய ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று கொண்டால், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். அகச்சிவப்பின் பெரும்பகுதி மேல்மட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

கேள்வி: பனியில் கைத்தடியால் குத்திய குழி உள்ளே நீலமாகத் தெரிகிறது. வானத்தைப் போலவே ராலே சிதறல்தானே காரணம்? சி. வி. ராமனும் கடலைப் பற்றி இதைத்தானே சொன்னார்?

பதில்: இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் தவறான விடையையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறது. நீலத்தைக் கண்ட இடமெல்லாம் ராலேயைத் துணைக்கு அழைக்கும் பழக்கம் பாடநூல்களை அரைகுறையாகப் படிப்பதால் வந்த வினை. நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாகச் சிதறடிக்கும் ராலே சிதறல் நிகழத் துகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும்; பனித்துகளோ அலைநீளத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல் பெரியது, ஆகவே அது நீலத்தையும் சிவப்பையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும்.

இங்கே நிறத்தைத் தீர்மானிப்பது உறிஞ்சுதல். தூய பனிக்கட்டியில் ஆழ்சிவப்பு ஒளி சுமார் 2 மீட்டர் செல்வதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நீலமோ நூறு மீட்டரைக் கடந்தும் தாக்குப்பிடிக்கும். பனியின் மேற்பரப்பிலிருந்து சீக்கிரம் திரும்பும் ஒளிக்குப் பயணம் குறைவு என்பதால் அது வெள்ளையாகவே இருக்கிறது. குழியின் அடியிலிருந்து நம் கண்ணை அடையும் ஒளியோ சுற்றியுள்ள பனிக்குள் வெகுதூரம் அலைந்து, சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து வந்தது. ஐயம் இருப்பவர்கள் மேகம் மூடிய நாளில் சுத்தமான பனியில் அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு மெல்லிய குழி போட்டு, வாயருகே கையால் மறைத்துக்கொண்டு உள்ளே பாருங்கள்: விளிம்பு வெள்ளை, ஒரு சாண் கீழே இலேசான நீலம், இன்னும் கீழே அழுத்தமான நீலம். வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும்போதும் இந்த நீலம் தெரிகிறது என்றால், வானத்தின் பிரதிபலிப்பு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ராமனைப் பொறுத்தவரை, 1921 கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலைக் கண்டு அவர் விளக்கியது நீர் மூலக்கூறுகளின் சிதறலை. அதைப் பனித்துகளுக்கு இழுத்துவருவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கேள்வி: செயற்கைக்கோள் மேகத்தையும் பனியையும் எப்படிப் பிரித்தறிகிறது?

பதில்: அகச்சிவப்பைச் சேர்ந்த 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் மேகம் பளிச்சென்றும் வெண்பனி கருமையாகவும் தெரியும்.

கேள்வி: குல்மார்க் போகிறோம். மேகமூட்டமாக இருந்தால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம் அல்லவா?

பதில்: கட்டாயம் வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். மெல்லிய மேகம் அதில் பெரிதாக எதையும் தடுக்காது. பனிக்குருடு சில மணி நேரம் கழித்தே கண் எரிச்சலாக வெளிப்படும் என்பதால், வலி வரும்போது கழற்றி வைத்ததற்காக வருந்திப் பயனில்லை. பக்கவாட்டு மறைப்பு உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். ஆர்க்டிக் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய பிளவு மட்டும் விட்டுக் கண்காப்புச் செய்தது இதற்காகவே.

கேள்வி: பனிமேல் மண்ணைத் தூவினால் சீக்கிரம் உருகுமா?

பதில்: உருகும். வசந்தத்தில் வயலைச் சீக்கிரம் வெளிக்கொணர லடாக்கின் ஜன்ஸ்கார் உழவர்கள் மண் தூவுவது பழைய வழக்கம். மெல்லிதாகத் தூவ வேண்டும். கனமாகக் கொட்டினால் அதுவே போர்வையாகிப் பனியைக் காத்துவிடும்.