வலிமருந்தான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தும் இந்தியாவில் பாறு கழுகுகள் ஏன் பெருகவில்லை?

இந்தியாவில் 9 வகைப் பாறு கழுகுகள் உண்டு. வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை உட்பட 4 வகைகள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. டைக்ளோஃபினாக் ஏற்றிய சில நாளில் செத்த மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். நூறு சடலங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே போதும், இனமே சரிந்துவிடும். கூட்டமாக ஒரே மாட்டைத் தின்னும் பறவை அல்லவா!

2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015-இல்தான் அவற்றை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். இது மிகத் தாமதம். கழுகுகளைக் கொல்லும் வேறு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023 வரை தடையின்றி விற்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதால் மீட்சியும் மெதுவாகத்தான் வரும்.

மாடு வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கழுகுக்குக் கேடில்லாத வலிமருந்தான மெலாக்சிகாம் கேளுங்கள். வேறு வலிமருந்து போட்டு மாடு செத்தால் வெளியே வீசாமல் ஆழப் புதையுங்கள்.