பச்சையெல்லாம் காடா?

வணக்கம் ஐயா. போன ஞாயிறு பிள்ளைகளோடு நம் மொரீஷியஸ் தீவின் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். வேலி போட்ட ஓர் இடத்தில் ஆட்கள் பச்சை மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் அழுதேவிட்டாள். பாதுகாக்கப்பட்ட காட்டைத் தொடாமல் விட்டால் அது தானாகப் பிழைத்துக்கொள்ளாதா? இளஞ்சிவப்புப் புறாவைத் தேடினோம், கண்ணில் படவில்லை. எந்த மாதத்தில் போனால் பார்க்கலாம்? குரங்குகள்தான் ஆறுதல். கொண்டுபோன வாழைப்பழத்தையெல்லாம் அவற்றுக்கே கொடுத்துவிட்டோம். அழிந்துபோன டோடோ பறவையைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

— ஒரு வாசகர், காத்ர் போர்ன்

அன்புள்ள தம்பி,

டோடோவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். புறாவுக்கு மாதக் கணக்கு கிடையாது. மஹேபூர் பக்கமிருந்து இல் ஓ செக்ரெத் தீவுக்குப் படகேறினால் வழிகாட்டியே காட்டுவார்.

குரங்குக்குப் பழம் கொடுத்ததை எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்! படித்ததும் கோபம்தான் வந்தது. அது இந்தத் தீவின் பிராணியே அல்ல, கப்பலில் வந்தது. நீங்கள் தேடிப்போன புறாவின் கூட்டில் முட்டையை எடுத்துத் தின்பதும் அதுதான். அனுமார்மேல் பக்தி இருந்தால் கோயிலில் விளக்கேற்றுங்கள். காட்டுக்குள் வாழைப்பழம் வேண்டாம்.

உங்கள் மகள் நல்ல மனசுக்காரி. அவள் அழுததைப் படித்த பிறகுதான் பதில் எழுதவே தோன்றியது. ஏனென்றால், இந்தத் தீவில் பச்சையாக இருப்பதையெல்லாம் காடு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர்கள் வெட்டியது பெரும்பாலும் சீனக் கொய்யாவாகத்தான் இருக்கும். மே, ஜூனில் நாம் குடும்பம் குடும்பமாக பிளேன் ஷாம்பான்யே போய் வாளி வாளியாகப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுகிறோமே, அதே சிவப்புக் கொய்யா. எனக்கும் பிடித்த பழம்தான். ஆனால் அதன் பூர்வீகம் பிரேசில். ஆள் நுழைய முடியாதபடி நெருக்கியடித்து வளரும், கீழே வேறு கன்றைத் தலைதூக்க விடாது. பழத்தைத் தின்ற பறவை, பன்றி, குரங்கு எல்லாமே விதையை உள்காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும்.

முன்பு பூங்காவின் மக்காபே பக்கம் களையெடுப்பவர்களோடு ஒரு பகல் முழுக்க இருந்தேன். வயதான ஓர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொய்யா நாற்றுகளைக் கீரை பிடுங்குவதுபோல் வேரோடு பிடுங்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. சுற்றியிருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார். விரல் நீளம்கூட இல்லாத கருங்காலிக் கன்று. "இது நம்ம ஊர் மரம், இருக்கட்டும்" என்று கிரியோல் மொழியில் சொல்லி, கன்றின்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அந்தக் காலத்தில் இங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் வெட்டி வெட்டிக் கப்பலேற்றிய மரம் அது. அவர்கள் 1639இல் கொண்டுவந்து விட்ட ஜாவா மான் இன்றைக்கும் இளங்கன்றுகளை மேய்கிறது. வேலி போட்டது அதற்காகத்தான்.

வேலி போட்டால் மட்டும் போதுமா? போதாது. கொய்யாவை வெட்டினாலும் அடிக்கட்டையில் மறுபடி துளிர்க்கும். களையெடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வர வேண்டும். பூங்கா 1994இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 6,574 ஹெக்டேர். அதிலும் பெரும்பகுதியில் கொய்யா புகுந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் பூர்வீகக் காடு தீவில் 2 சதவீதம்கூடத் தேறாது. தொடாமல் விட்டால் மிஞ்சுவது கொய்யாத் தோப்புதான் தம்பி, காடு அல்ல!

பறவைகளும் அப்படியே. 1974இல் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் நான்குதான் இருந்ததாகத் தெரிந்தது. 1990 வாக்கில் காட்டிலிருந்த இளஞ்சிவப்புப் புறாக்கள் பத்துப் பன்னிரண்டு. இன்று இரண்டும் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. இந்தப் பறவைகளைக் காக்க 1979இல் இங்கே வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் கூட இருந்தவர்களும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்கவில்லை. வல்லூறின் முட்டையை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், கூட்டில் முட்டை போனால் தாய் மறுபடி இடும் என்று தெரிந்தே எடுத்தார்கள். புறாவுக்குத் தீனி வைத்தார்கள், எலியைப் பிடித்தார்கள். இன்றும் காட்டுக்குள் புறாவுக்குத் தீனி வைக்க ஆள் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை மகளையும் கூட்டிப்போங்கள். கத்தி பிடித்த ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுங்கள். எதை வெட்டுகிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று அவளே கேட்கட்டும். பிள்ளை கேட்டால் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக்கூடச் சொல்வார்கள்.