கேளுங்கள், சொல்கிறோம்: பழவேற்காடு

பழவேற்காட்டை ஏரி என்கிறார்கள். தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? – வாசகர், ஆவடி

முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருவதால்தான். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு குறையும், கோடையில் வெயில் உறிஞ்சிவிட்டால் சில இடங்களில் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இறாலும் மீனும் உள்ளே வர வழியில்லை, அதனால் அங்குள்ள மீனவர்களின் பெரிய கவலையே அதுதான். யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு அவர்களுக்குள் நெடுங்காலமாக இருக்கிறது.

டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்களாமே, இப்போது பார்க்க முடியுமா? – வாசகி, திருவள்ளூர்

கோட்டையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். புதரும் மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியோடு 1610-இல் இங்கே வணிகம் தொடங்கினார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்கள் சும்மா இருப்பார்களா? 1612-இல் வந்து தாக்கினார்கள். அதனால் அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்துக்கு இதுதான் தலைநகர். இங்கிருந்து துணி ஏராளமாகத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போனது, வெடிமருந்தும் இங்கேயே செய்தார்கள். துணியைப் பற்றிப் பேசுகிற சுற்றுலாக் கையேடுகள் பல சொல்லாமல் விடுவது இன்னொன்று: பஞ்ச காலங்களில் வாங்கப்பட்ட மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பலேற்றினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஆனால் டச்சுக் கல்லறையைத் தவறவிடாதீர்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள், உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், அவற்றின் மேல் எழுத்தும் குலச்சின்னமும் அவ்வளவு நுணுக்கம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பக்கத்துத் தெருக்களில் முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகள் கிடைக்கும், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

குடும்பத்தோடு படகில் போய்ப் பூநாரை பார்க்கலாமா? – வாசகர், அம்பத்தூர்

படகு வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. "சும்மா ஒரு ரவுண்டு சார்" என்று யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். பூநாரைக்குப் படகே தேவையில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறதல்லவா, அங்கே காலையில் நின்றால் போதும், சேற்றுத் தண்ணீரில் தலைகீழாக அலகை விட்டு அரித்துத் தின்பது தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது.

பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. ராக்கெட் ஏவும் நாளில் போனால் கடற்கரையிலிருந்தே அது கிளம்புவது தெரியும், ஆனால் அன்றைக்கு மீனவர்களைக் கடலுக்குப் போகவிடமாட்டார்கள், அதனால் மீன் வாங்கும் திட்டத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.