தெறித்து விழும் டீ கிளாஸ்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. நாலு வருஷமாக வலிப்புக்கு கார்பமாசெபின் 200 காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று சாப்பிடுகிறான். மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் வலிப்பே இல்லை. ஜூனில் விசைப்படகு இறங்கியதும் மூன்று தடவை வந்துவிட்டது, மூன்றும் கடலில் இருந்து திரும்பிய காலையில். மருந்துக்கடையில் சொன்னபடி வேளைக்கு 400 ஆக்கினேன், குறையவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்; செல்போனில் பார்த்தால் மூளைக்கட்டி என்கிறது. உப்புக்காற்று ஆகாதா? அமாவாசைக்கு அதிகமாகுமா? மாத்திரை ஈரலைக் கெடுக்குமா? ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். இப்போது காலையில் டீ கிளாஸ்கூட கையை விட்டு விழுகிறது, அவ்வளவு பலவீனம். நோய் முற்றிவிட்டதா டாக்டர்?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: முற்றவில்லை அம்மா. ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே டீ கிளாஸ், அதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பலவீனமானவன் கையிலிருந்து கிளாஸ் நேராகக் காலடியில் விழும். உங்கள் மகன் கையிலிருந்து அது சுவர்ப்பக்கம் தெறிக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். தெறித்தால் அது பலவீனமில்லை, அதுவும் ஒரு வலிப்புதான்: தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், நினைவு தப்பாமலே, ஷாக் அடித்த மாதிரி தோளும் கையும் ஒரு வெட்டு வெட்டும். பல் தேய்க்கிற பிரஷ் பறக்கும். சில நாள் நாலைந்து வெட்டு வரிசையாக வந்து, அப்புறம் முழு வலிப்பாகவே விழுந்துவிடுவார்கள்.

விடலை வயதில் தொடங்கி, தூக்கம் கெட்டால் கிளம்பி, விடியற்காலையில் வெட்டும் வலிப்பு என்றால் ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்ற வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதில் ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், மற்ற பல வலிப்புக்கு நன்றாகக் கேட்கிற கார்பமாசெபின் இந்த வகையில் வெட்டுகளைக் கூட்டிவிடலாம். ஃபெனிடாயின் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். நீங்கள் 400 ஆக்கியது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு வைத்ததாகக்கூட இருக்கலாம். கடைக்காரர் மாத்திரையைத்தான் பார்த்தார், பையனைப் பார்க்கவில்லை.

அதற்காக இதைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வரலாம்; அது உயிருக்கே ஆபத்து. 400ஐ நீங்களாக 200க்கு இறக்கவும் வேண்டாம். வால்புரோயேட், லெவெடிரசெட்டாம் போல இந்த வகைக்குப் பொருந்தும் மருந்தைத் தொடங்கி, பழையதைப் படிப்படியாக இறக்குவது மருத்துவர் வேலை. காலை வெட்டை வீட்டில் யாராவது செல்போனில் வீடியோ எடுங்கள். அதையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து அனுப்பினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கு. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுப்பார்கள். ஒரு தடவை நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வீடியோ பல சமயம் அதைவிட அதிகம் சொல்லும்.

ஜூனில் ஏன் வந்தது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் பையன் ராத்திரி தூங்கினான், வேளைக்கு மாத்திரை போட்டான். படகு இறங்கியதும் ராத்திரி முழுக்க வலையோடு நிற்கிறான். ஒன்பது மணி மாத்திரை படகு அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பையிலேயே கிடக்கிறது. காரணம் இவ்வளவுதான், உப்புக்காற்றை விட்டுவிடுங்கள். ஆனால் ஈரக்காற்றுக்கு ஒரு குற்றம் உண்டு: கார்பமாசெபின் ஈரம் பட்டால் இறுகிப்போகும், மூன்றில் ஒரு பங்கு வீரியம்கூடக் குறையலாம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு என்ஜின் பக்கம் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வால்புரோயேட்டும் ஈரத்தை இழுக்கும். எந்த மாத்திரையானாலும் விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும்.

ஒன்பது மணி மாத்திரை பன்னிரண்டுக்கு ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம். விடிந்த பிறகு வந்தால் காலை மாத்திரை மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

கடலுக்கு? இப்போது கூடாது. கரையில் விழுந்தால் மண்டை அடிபடும், தண்ணீரில் விழுந்தால் ஆள் போய்விடுவான். மருந்து மாறி, குறைந்தது ஒரு வருஷம் வெட்டுகூட இல்லாமல் இருந்தால், அப்போது மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஏலக் கணக்கோ வலை வேலையோ பார்க்கட்டும், அதுவும் பகலில். குளிப்பதும் தனியாக வேண்டாம். கரைக்கு வந்ததும் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். குடித்துவிட்டுத் தூங்கி எழுந்த காலைதான் இந்த வலிப்புக்கு மிகவும் பிடித்த நேரம்.

மற்றவை: மூளைக்கட்டி இல்லை, ஸ்கேன் பார்த்தாயிற்று, செல்போனைக் கீழே வையுங்கள். அமாவாசைக்கு வலிப்பு காத்திருப்பதில்லை. ஈரலுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை போதும். ஏர்வாடிக்குப் போய் வாருங்கள், மாத்திரை கையோடு வரட்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தாலோ 108. தண்ணீரில் விழுந்து எடுத்திருந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் தண்ணீர் புகுந்தது சில சமயம் பிறகுதான் காட்டும்.

மருந்து எத்தனை வருஷம் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். இந்த வகை என்று உறுதியானால் நீண்ட காலம், பலருக்கு ஆயுளுக்கும். நன்றாக இருக்கிறானே என்று நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் திரும்ப வந்திருக்கிறார்கள்.

அதுவரை டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள், கொஞ்சம் ஆறவைத்து.