உச்சிக்கிளைக்கு நூல் ஏற்றுவது: கம்பி ஆன்டெனா கட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹாம் எனும் அமெச்சூர் ரேடியோத் தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கி, ரேடியோவும் வீடு வந்து சேர்ந்த பிறகு பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மரத்தடி. கம்பியைத் தூக்கிப் பிடிக்கத் தோட்டத்து மரமே போதும். ஆனால் அந்த உயரத்துக்குக் கயிறு எப்படிப் போகும்? எனக்கு மரம் ஏறத் தெரியாது. அதனால்தான் நூலில் எடை கட்டிக் கிளை மேல் வீசக் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து: வீட்டுக்குப் பின்னால் 60 அடி வேப்பமரம் இருக்கிறது சார். 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் கட்டப் போகிறேன். உச்சிக்கே ஏற்றிவிடலாமா?

உச்சி வேண்டாம். 40 மீட்டர் என்பது சுமாரான அலைநீளம், உயரம் இல்லை. அந்த பேண்டில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் இரண்டாகப் பிரித்த கம்பி ஆன்டெனா, மொத்தம் 20 மீட்டர் கம்பி. நடுவை 10, 12 மீட்டருக்குத் தூக்கி, இரு முனைகளையும் ஆள் கை எட்டாத உயரத்தில் சரித்துக் கட்டினால் வேலை முடிந்தது. இந்த உயரத்தில் 40 மீட்டர் பேண்டின் அலை பெரும்பாலும் நேர் மேலே போய்த் திரும்பி இறங்கும். சென்னை, மதுரை, பெங்களூருடன் பேச அதுதான் வசதி. தூர தேசம்தான் வேண்டும் என்றால் உயரம் கூடக் கூட நல்லது. உச்சிக்கொம்பு மெலிசாக இருக்கும், ஆடும், ஒரு காற்றுக்கு முறியும். மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், முன்கை பருமனுக்குக் குறையாத கவட்டையாகப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து: கல்லைக் கட்டி வீசிப் பார்த்தேன். நூல் கிளைக்கு மேல் போய்விடுகிறது, கல் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. என்ன எடை, என்ன நூல் வேண்டும்?

எல்லோரும் ஏற்றுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வேலையைக் கெடுப்பது இறக்கம்தான். வேம்பு, புளி இரண்டுக்கும் பட்டை சொரசொரப்பு. நூல் அதில் உரசும்போது லேசான கல்லால் நூலை இழுத்துக்கொண்டு இறங்க முடியாது. கையால் வீச 300 முதல் 400 கிராம் வேண்டும். மரம் ஏறிக் கிளை வெட்டும் தொழிலாளர்களுக்கென்று விற்கும் எறிபைகள் 225 முதல் 450 கிராம் வரை கிடைக்கின்றன. பேரிக்காய் வடிவத் துணிப்பை, உள்ளே ஈயக்குண்டு அல்லது இரும்புக்குண்டு, தலையில் ஒரு வளையம். நீங்களே தைப்பதானால் தடித்த ரெக்ஸின் துணியில் தையுங்கள். பழைய சைக்கிள் ட்யூபில் குண்டு நிரப்பும் பழக்கம் இருக்கிறது. ரப்பர் மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். இரும்பு நட்டும் வேண்டாம். நான் முதலில் வீசியது ஒரு பெரிய நட்டு. கிளையை மூன்று சுற்றுச் சுற்றிக் கவட்டையில் குந்திக்கொண்டது. அடுத்த புயல் வரை அங்கேயேதான் இருந்தது.

நூல் 2 மில்லிமீட்டர் அளவில், வழுவழுப்பாக, முறுக்கேறாததாக இருக்க வேண்டும். டைனீமா என்ற உறுதியான செயற்கை இழையில் பின்னிய நூல் முதல் தரம். கையில் காசு குறைவு என்றால் கொத்தனார் நூல் போதும், சிக்கு விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பச்சை நூல் வாங்காதீர்கள், இலைக்குள் தேடிக் கண் வலிக்கும். ஆரஞ்சு வாங்குங்கள்.

நூலைச் சுருளாகச் சுற்றி வைக்கவும் கூடாது. ஓர் அன்னக்கூடையில் பிடி பிடியாகக் கொட்டிக்கொண்டே வாருங்கள். கொட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் சிக்கில்லாமல் கிளம்பும். வெறும் தரையில் போட்டால் ஒரு குச்சி, ஒரு புல் தண்டு போதும், எறிபை பாதி வானத்தில் நின்றுவிடும்.

கோவை கல்லூரி மாணவி: அண்ணா, எனக்குத் தோள் வலு கிடையாது. 12 மீட்டர் கிளைக்குக் கையால் எறிய முடியுமா?

முடியும்மா. தோளை விட முழங்காலுக்குத்தான் இதில் வேலை அதிகம். எறிபையின் வளையத்தில் நூலைக் கட்டியாயிற்று அல்லவா? முடிச்சிலிருந்து இரண்டு முழம் தள்ளி நூலை மடித்து, அந்த மடிப்பை அதே வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். மடிப்பு ஒரு கையில், மீதி நூல் மறு கையில். பை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொட்டில் மாதிரி தொங்கும். கிளைக்கு நேர் அடியில் நிற்காமல் சில அடி பின்வாங்கிக் காலை அகட்டி நில்லுங்கள். இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டி, மூன்றாவது ஆட்டத்தில் முழங்காலை நிமிர்த்திக்கொண்டே எழுந்து, கைகள் முகத்துக்கு நேரே வரும்போது இரண்டையும் ஒன்றாக விடுங்கள். மடிப்பு தானாக வளையத்திலிருந்து உருவிக்கொள்ளும். ஒரு கை முந்தினால் பை பக்கவாட்டில் ஓடும், அது மட்டும்தான் வித்தை. காலி மைதானத்தில் 50 தடவை போட்டுப் பாருங்கள், பிறகு மரத்துக்கு வாருங்கள்.

ஒரு கணக்கு: காற்றின் தடையை விட்டுவிட்டாலும் 10 மீட்டர் ஏற மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்ப வேண்டும். 20 மீட்டருக்கு 70. உயரம் இரட்டித்தால் வேகம் இரட்டிக்க வேண்டியதில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் தவறிய பை கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் தலையில் இறங்கும். ஹெல்மெட் போடாமல் யாரும் மரத்தடியில் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைகள் உட்பட.

தூத்துக்குடியிலிருந்து: உண்டிவில்லில் தூண்டில் நரம்பு கட்டி அடிக்கலாம் என்கிறார்களே?

அருமையான முறை. உங்கள் ஊரில் எல்லாச் சாமானும் தெருமுனையிலேயே கிடைக்கும். உண்டிவில்லின் காம்பில் சுழல் ரீலைக் கட்டி, நரம்பின் முனையில் 30 முதல் 60 கிராம் ஈயக்குண்டு. அடிக்கும் முன் ரீலில் நரம்பைத் தடுக்கும் கம்பியைத் திறந்து விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மறந்தால் நரம்பு அறுந்து குண்டு மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகும். நான் இப்படி ஒரு கூரை ஓட்டை உடைத்து, மாற்று ஓடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நரம்பில் நேரடியாகக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். நரம்பால் கொத்தனார் நூலை இழுங்கள், நூலால் கயிற்றை இழுங்கள். முடிச்சு போட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப்பை முள்ளங்கி மாதிரி சரிவாகச் சுற்றினால் கவட்டையில் தட்டாது.

8 அடிக் கம்பத்தின் தலையில் பெரிய உண்டிவில் பொருத்திய பிக் ஷாட் என்ற சாதனமும் உண்டு. கிளை வெட்டும் தொழிலாளர்கள் எறிபையையே அதில் வைத்து 30 மீட்டர் வரை அடிப்பார்கள். ஒரு வீட்டு ஆன்டெனாவுக்கு அது அதிகம்.

சேலத்திலிருந்து: பை மேலே மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்துக் கை அறுந்ததுதான் மிச்சம்.

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். நூல் விறைத்து நிற்கும்போது பை விடுபட்டால் நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும். நூலைத் தளர்த்தி, மணிக்கட்டால் சுண்டி ஒரு அலை அனுப்புங்கள். நின்ற இடத்தை மாற்றி, மரத்தின் மறுபக்கத்திலிருந்து சுண்டிப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை இதிலேயே விழுந்துவிடும். அப்படியும் வராவிட்டால் நூலை ஒரு கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று மெதுவாக எடை கொடுங்கள். கையில் சுற்றி இழுக்கவே கூடாது.

இன்னொன்று. பை தரைக்கு வந்த பிறகு கிளை சரியில்லை என்று தெரிந்தால், பையை அவிழ்த்துவிட்டு வெறும் நூலை உருவுங்கள். பையோடு திரும்ப இழுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நூலின் நுனியில் முடிச்சும் இருக்கக் கூடாது.

அதே நண்பர்: நூல் நாலைந்து கிளைக்கு மேல் விழுந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்தா?

வேண்டாம். பையை இழுத்து, நீங்கள் விரும்பும் கிளையின் மேல் அது ஏறி உட்காரும் வரை கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்துக் கிளைகளிலிருந்து இப்போது நூல் விலகியிருக்கும். மெல்ல ஆட்டி, ஊசலாடும்போது சட்டென்று விடுங்கள். வேண்டிய கிளையை மட்டும் தாண்டி விழும். மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை சீக்கிரம் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட வளவில பனையும் தென்னையும்தான் அண்ணை. கெட்டபோலால (உண்டிவில்லால்) அடிச்சு ஏத்தலாமோ?

பனையில் வீச வேண்டாம். மட்டையின் இரு ஓரத்திலும் கருக்கு இருக்கிறதே, அது கயிற்றுக்கு அரம். காற்றில் ஆட ஆட அறுத்துவிடும். தென்னையில் கவட்டையே கிடையாது. மட்டைக்கு மேல் போட்ட கயிறு, அந்த மட்டை பழுத்து விழும் நாளில் கூடவே விழும். தேங்காய் வேறு தலைக்கு மேல். இரண்டுக்கும் ஏறத் தெரிந்த ஆளை வைத்து, தலைக்குச் சற்றுக் கீழே ஒரு கப்பியைக் கட்டிக்கொள்வதுதான் வழி. வளவில் வேம்போ புளியோ ஒன்று இருந்தால் அதற்கு கெட்டபோல் போதும்.

சென்னையிலிருந்து: ட்ரோன் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடெல்லாம்?

இலையடர்ந்த மரத்தில் ட்ரோன் ஏற்றுவது பார்க்க அழகு. நூல் இறக்கையில் சுற்றினால் ட்ரோன் மரத்திலேயே தங்கிவிடும். பறக்கும் முன், அரசின் ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் உங்கள் இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா என்று பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகள் பச்சையாக இருக்காது. பிவிசி குழாயில் காற்றடித்துச் சுடும் பீரங்கியைப் பற்றியும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அழுத்தக் காற்றுக்கு அந்தக் குழாய் ஆகாது. வெடித்தால் கண்ணாடி மாதிரி சிதறும். செய்யாதீர்கள்.

தென்காசியிலிருந்து: ஆடிக் காற்றில் ஒவ்வொரு வருடமும் கம்பி அறுகிறது.

கயிற்றைக் கிளையில் இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். மரம் ஆடும், கம்பி ஆடாது, அப்புறம் அறுந்துதானே ஆக வேண்டும்? முதல் கயிற்றால் ஒரு கப்பியை மேலே ஏற்றுங்கள். ஏற்றும் முன்பே அதற்குள் இரண்டாவது கயிற்றை ஓடவிட்டு, இரு நுனியையும் தரையில் முடிந்து வளையமாக்கிவிடுங்கள். கம்பி அறுந்தாலும் கயிறு உருவிக்கொண்டு போகாது. ஆன்டெனாவின் ஒரு முனைக் கயிற்றைத் தரையில் கட்டாமல், கல் போட்ட வாளியைத் தொங்கவிடுங்கள். மரம் சாயும்போது வாளி ஏறும், நிமிரும்போது இறங்கும். 4, 5 கிலோவில் தொடங்கிக் கம்பியின் தொய்வைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வாளிக்கு அடியில் யாரும் நடக்காத இடமாக இருக்கட்டும்.

கயிறு பாலியெஸ்டர் பின்னலாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். நைலான் நனைந்தால் நீளும்.

காஞ்சிபுரத்திலிருந்து: மரத்தை ஒட்டி ஈபி லைன் போகிறது. கவனமாக வீசினால் போதுமா?

போதாது. வேறு மரம் பாருங்கள். வீசும் நூல் தவறிப் போய்க் கம்பியில் விழலாம், ஈர நூலில் மின்சாரம் பாயும். ஆன்டெனா பின்னொரு நாள் அறுந்து லைன் மேல் விழலாம். மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் லைன் இருந்தால் நான் பையை வெளியிலேயே எடுப்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து: வீசுவதற்கு நல்ல காலம் எது?

மாசி, பங்குனி. வேம்பு இலை உதிர்த்திருக்கும், கவட்டைகள் தெளிவாகத் தெரியும். காற்று எழும் முன், விடியற்காலையில் வீசுங்கள். எந்த மாதமானாலும் முதலில் பைனாகுலரில் கிளைகளின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலைத்தேனீ உயர்ந்த மரங்களில்தான் தட்டுத் தட்டாகத் தொங்கும். தூரத்தில் பார்த்தால் கருத்த பட்டை உரிந்து நிற்பது போல இருக்கும். அப்படி ஒன்று தெரிந்தால் அன்றைக்குப் பையை மடித்துவிட்டுக் கிளம்புங்கள்.