பகல் விளக்கு ஏன் கருகுகிறது?

கேள்வி: காரின் முன் பம்பரில் எல்இடி பட்டை ஒட்டி, நானே பகல் விளக்கு செய்தேன். சில வாரங்களிலேயே மூன்று மூன்றாக அணைகிறது. பட்டை மட்டமானதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பட்டையைக் குறை சொல்லாதீர்கள். அதில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். ஆனால் இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை வரும். பட்டையை உற்றுப் பாருங்கள், மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர், அதாவது கரண்ட்டை மட்டுப்படுத்தும் சின்ன பாகம். மூன்று எல்இடியும் சேர்ந்து சுமார் 9.6 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் மிச்சம் 2.4 ரெசிஸ்டர் மேல் விழும், 14.4-இல் அதுவே 4.8. கரண்ட் இரண்டு மடங்காகிவிடுகிறது! பம்பருக்குள் சூடும் சேர்ந்தால் எப்படித் தாங்கும்?

காருக்கென்று வரும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் போடுங்கள், வோல்ட் ஏறினாலும் கரண்ட்டை ஏறவிடாத கருவி அது. பட்டையை அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு இறங்கும். ஓரம் அடைக்கும் சிலிக்கானில் வினிகர் வாடை அடித்தால் வேண்டவே வேண்டாம், செம்பை அரித்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

ஹெட்லைட் ஒயரைக் கீறி இணைப்பு எடுப்பதைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அப்புறம் இக்னிஷனில் இயங்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். இரண்டையும் விடாதீர்கள்.

நிறம் வெள்ளைதான், முன்பக்கம் சிவப்பு, நீலம் கூடாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு பகல் விளக்கின் ஒளி 400 முதல் 1200 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரைதான். ராத்திரியில் அதுவே எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். ஹெட்லைட் போட்டதும் இது அணையும்படி ரிலேயை இணைத்துவிடுங்கள்.