மைக்கைக் கண்டா தொண்டை அடைக்குது அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, டவுனுக்குள்ள ஒரு தனியார் நிறுவனத்தில கணக்குப் பக்கம் வேலை செய்யிறன். தனிய ஆக்களோட கதைக்கிறதெண்டா பிரச்சினையே இல்ல, வீட்டில எனக்கு வாய்க்காரி எண்டுதான் பேர். ஆனா திங்கக்கிழமை மீட்டிங்ல எழும்பி ரெண்டு வசனம் சொல்லச் சொன்னா கை நடுங்குது, வாய் காயுது, என்ட ரிப்போர்ட்ட பக்கத்தில இருக்கிறவர் வாங்கி வாசிக்கிற நிலைமை. போன மாசம் நான் ராத்திரி இருந்து செஞ்ச வேலைய இன்னொருத்தர் எழும்பிச் சொல்லி பாராட்டும் வாங்கிட்டார். கொழும்பில இருக்கிற ஃபிரெண்ட், ஆக்களுக்கு முன்னால பேசப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒண்டில சேரு எண்டுறாள். அது இங்கிலீஷ் நல்லா ஓடுற ஆக்களுக்கான இடமெல்லோ? காசு கட்டிப் போய் அங்கயும் நடுங்கினா என்ன செய்யிறது?
(பெயர் வேண்டாம், உப்புவெளி)

பதில்: தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன், அங்கயும் நடுங்குவீங்க. நானும் நடுங்கினனான். ஆனா அங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும், ஒருத்தரும் உங்கட பேப்பரைப் பறிச்சு வாசிக்க மாட்டாங்க, நீங்க முடிக்கும் வரைக்கும் இருந்து கேப்பாங்க.

நடுக்கம் உங்கட குணத்தில உள்ள குறை இல்ல. கனபேர் ஒரேயடியாப் பாக்கேக்க உடம்பு அதை ஆபத்தெண்டு எடுக்குது, அட்ரினலின் சுரக்குது, நெஞ்சு படபடக்குது, வாய் காயுது. ஏறினது கொஞ்ச நேரத்தில இறங்கத்தான் செய்யும். ஆனா அது இறங்க முந்தியே நீங்க பேப்பரைக் குடுத்திட்டு இருந்திடுறீங்க, இருந்ததாலதான் தப்பினம் எண்டு உடம்பு படிச்சு வைக்குது, அதாலதான் அடுத்த திங்கள் இன்னும் கூட நடுங்குது. அந்தப் படபடப்பு இறங்கும் வரைக்கும் ஒருக்காவாவது நிண்டு பாக்கோணும், பேந்து திரும்பத் திரும்ப நிக்கோணும், வேற மருந்து நான் காணேல்ல.

எங்கட பிள்ளையளுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பள்ளிக்கூடத்தில பேச்சு எண்டா பாடமாக்கிறதுதான். தமிழ்த் தினப் போட்டிக்கு டீச்சர் எழுதித் தருவா, கை எங்க தூக்கோணும் எண்டதுகூட பேப்பரில இருக்கும். நான் எட்டாம் ஆண்டில அப்பிடி ஏறி அவைக்கு வணக்கமெல்லாம் வடிவாச் சொல்லி மூண்டாவது பந்தியில ஒரு சொல்ல விட்டிட்டன், அந்தச் சொல் இல்லாம அடுத்தது வரவே இல்ல. மண்டபத்து ஃபேன் கிறீச் கிறீச் எண்டு சுத்தின சத்தம் இண்டைக்கும் காதுக்குள்ள இருக்கு. அதுக்குப் பிறகு 15 வருசம் மைக் பக்கமே போகேல்ல. பாடமாக்கிப் பேசுறதும் ஒரு கலைதான், நல்லாச் செய்யிற பிள்ளையளைக் கண்டா இப்பவும் எனக்கு ஆசையா இருக்கும், ஆனா உங்கட திங்கக்கிழமைக்கு அது உதவாது. உங்களுக்கு வேணும் எண்டது யோசிச்சுக் கொண்டே கதைக்கிற பழக்கம்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பழகத் தாறது அதைத்தான். 1924ல கலிஃபோர்னியாவில சாந்தா ஆனா எண்ட ஊரில ரால்ஃப் ஸ்மெட்லி எண்டவர் ஒரு வை.எம்.சி.ஏ.யில தொடங்கினது. அங்க வாத்தியார் எண்டு ஒருத்தர் இல்ல, அங்கத்தவர்கள் மாறி மாறிப் பேசி மாறி மாறிக் குறிப்புச் சொல்லுறதுதான் முறை. முதல் பேச்சுக்குப் பேர் ஐஸ் பிரேக்கர், உங்களைப் பற்றி நீங்களே 4 தொடக்கம் 6 நிமிசம் சொல்லோணும். நேரம் தெரியிறதுக்கு 4 நிமிசத்தில பச்சை லைட் போடுவாங்க, 5ல மஞ்சள், 6ல சிவப்பு. முடிய ஒருத்தர் எழும்பி ரெண்டு மூண்டு நிமிசத்தில எது நல்லா இருந்திச்சு, அடுத்த முறை எதை மாத்தலாம் எண்டு சொல்லுவார். என்ட முதல் பேச்சுக்குப் பிறகு எழும்பினவர், நீங்க அம்மாவைப் பற்றிச் சொல்லேக்க நிலத்தைப் பாக்கேல்ல, மற்ற நேரமெல்லாம் நிலத்தைத்தான் பாத்தீங்க எண்டார். பள்ளிக்கூடத்தில எத்தினையோ தரம் மார்க்ஸ் போட்டிருக்கிறாங்க, அப்பிடி என்னைக் கவனிச்சுக் கேட்டு ஒருத்தரும் சொன்னதில்ல.

டேபிள் டொப்பிக்ஸ் எண்டொரு பகுதி இருக்கு, முன்கூட்டியே சொல்லாத தலைப்பு, ஒண்டு ரெண்டு நிமிசம் கதைக்கோணும். மீட்டிங்ல பொஸ் திடீரெண்டு கேட்டா என்ன செய்யிறது எண்டதுக்கு நேரடிப் பயிற்சி இதுதான், தட்டிக்கழிக்காதீங்க. ஆ கவுண்டர் எண்டும் ஒருத்தர் இருப்பார், தேவையில்லாம வாற சத்தங்களை எண்ணுற வேலை. எனக்கு முதல் நாள் 'வந்து' 19, 'என்னண்டா' 11. அதைக் கேட்ட பிறகுதான் அந்த இடத்தில சும்மா ஒரு மூச்சு நிக்கலாம் எண்டு விளங்கிச்சு.

நீங்க எடுத்தவுடனே பேச வேண்டாம். விருந்தாளியா ரெண்டு கூட்டம் பாருங்க, வழமையா அதுக்குக் காசு எடுக்க மாட்டாங்க. சேர்ந்த பிறகு முதல்ல டைமர் வேலையக் கேளுங்க, பேசுறவங்கட நேரத்தைக் குறிக்கிற வேலை அது. கடைசியில எழும்பி முதலாவது பேச்சாளர் 5 நிமிசம் 40 செக்கன், ரெண்டாவது 6 நிமிசம் 10 செக்கன் எண்டு வாசிக்கிறதுதான். எண் வாசிக்கிறது உங்கட தொழில்தானே, கை நடுங்கினாலும் வாய் பழகின பாதையில போகும்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருவம். எல்லாக் கிளப்பும் இங்கிலீஷில நடக்கிறதில்ல, தமிழில நடத்துற கிளப்புகளும் இருக்கு, ஒன்லைன்ல கூடுறதும் இருக்கு, அவங்கட வெப்சைட்டில ஊரைப் போட்டுத் தேடலாம். இங்கிலீஷ் கிளப்பில சேர்ந்தாலும் உடைஞ்ச இங்கிலீஷுக்கு ஒருத்தரும் சிரிக்கிறதில்ல. 2014ல கோலாலம்பூரில நடந்த அவங்கட உலகப் பேச்சுப் போட்டியில வெண்டவரே எங்கட இலங்கை ஆள்தான், தனஞ்சய ஹெட்டியாராச்சி. சந்தா டொலர்ல, 6 மாசத்துக்கு ஒருக்கா, ரூபாயில பாத்தா சின்னக் காசு இல்ல, அதால எவ்வளவு வரும் எண்டு சேர முந்தி கேளுங்க, ஒஃபிஸ்ல பயிற்சிக்குக் காசு ஒதுக்குறாங்களா எண்டும் கேட்டுப் பாருங்க.

வாற திங்களுக்கு இதைச் செய்யுங்க. ஏ4 பேப்பரைக் கையில பிடிக்க வேண்டாம், சின்ன நடுக்கத்தையும் அது பெரிசாக் காட்டும், உள்ளங்கை அளவு மட்டை ஒண்டில மூண்டே மூண்டு சொல் எழுதுங்க. முதல் வசனத்தை மட்டும் வாய்க்குப் பழக்குங்க. எழும்ப முந்தி மூச்சை மெதுவா வெளிய விடுங்க. ஞாயிறு பின்னேரம் டச்சுபே கடற்கரைப் பக்கம் நடந்து கொண்டே ஃபோன்ல வொய்ஸ் ரெக்கோர்ட் பண்ணிப் பாருங்க, அலைச்சத்தத்துக்கு மேலால உங்கட குரல் கேக்குதெண்டா மீட்டிங் ரூமுக்குத் தாராளமாக் காணும். செஞ்ச வேலை உங்களோடது, அதை உங்கட வாயாலதான் சொல்லோணும் தங்கச்சி.

கேள்வி: மகனுக்கு 14 வயசு, நல்லாப் படிக்கிறான், ஆனா வகுப்பில வாய் திறக்கிறானில்ல எண்டு டீச்சர் சொல்லுறா. அவனை இந்தக் கிளப்புகளில சேர்க்கலாமா?
(ஒரு அப்பா, பாலையூற்று)

பதில்: அண்ணா, டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேர 18 வயசு ஆகோணும். சின்ன ஆக்களுக்கு அதே முறையில கேவல் கிளப் எண்டு நடத்துறாங்க, பள்ளிக்கூடத்திலயும் தொடங்கலாம், அதிபரோட கதைச்சுப் பாருங்க. அதுக்கு முந்தி வீட்டில ஒண்டு: இரவுச் சாப்பாட்டில அவன் கதைக்கத் தொடங்கினா முடிக்க விடுங்க, இடையில திருத்தாதீங்க, ஆக்கள் வந்தா ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, பேசிக் காட்டு எண்டு முன்னால தள்ளாதீங்க. வகுப்பில ஒருத்தராவது அவனைக் கேலி பண்ணுறானா எண்டும் மெதுவா விசாரிங்க.

கேள்வி: எங்கட பக்கம் கிளப் ஒண்டும் இல்ல. நாங்க ஃபிரெண்ட்ஸ் 6 பேர் சேர்ந்து தொடங்கலாமா அக்கா?
(கிண்ணியா வாசகர்)

பதில்: தாராளமா தம்பி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேரில பதியிறதெண்டா 20 பேர் வேணும், ஆனா பழகுறதுக்கு 6 பேர் காணும். கிழமையில ஒரு நாள், ஒரே நேரம், ஒருத்தர்ட வீட்டு விறாந்தை. ரெண்டு பேர் ஆயத்தத்தோட 5 நிமிசம், மற்ற எல்லாரும் தலைப்பு எழுதின துண்டு ஒண்டு எடுத்து அதைப் பற்றி ஒரு நிமிசம், ஒருத்தர் மணிக்கூடு பாக்கோணும், ஒருத்தர் குறிப்புச் சொல்லோணும். குறிப்புச் சொல்லுறவர் நல்லது ரெண்டு, மாத்த வேண்டியது ஒண்டு, அவ்வளவுதான். அரட்டை எல்லாம் கூட்டம் முடிஞ்ச பிறகு. ரெண்டு மூண்டு மாசம் ஒருத்தரும் விடாம நடந்தா எனக்கு எழுதுங்க, நான் ஒரு நாள் வந்து இருந்து கேக்கிறன்.